சேஞ்ச், ஆல்டர், கன்வர்ட், டிரான்ஸ்ஃபார்ம்: எல்லாமே ‘மாற்று’தானா?

சேஞ்ச், ஆல்டர், கன்வர்ட், டிரான்ஸ்ஃபார்ம் ஆகிய எல்லாவற்றுக்கும் அகராதி ‘மாற்று’ என்றே பொருள் தருகிறதே, எதை எங்கே பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருபவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: என்ன மாறியது என்பதை விட்டுவிட்டு, மாறாமல் நின்றது எது என்று பாருங்கள்.

ஒரு வாடகை ஒப்பந்தத்தை மொழிபெயர்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. கதவு, சன்னல்களை ‘ஆல்டர்’ செய்யக் கூடாது என்றிருந்த நிபந்தனையை ‘மாற்றக் கூடாது’ என்று எழுதிவிட்டேன். கதவைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தக் கூடாது என்றுதான் தமிழில் அதைப் படிப்பவர் புரிந்துகொள்வார். மூலமோ, இருக்கிற கதவிலேயே துளையிடுவதையும் அதன் உயரத்தைக் குறைப்பதையும் தடுத்தது. சரிபார்த்தவர் சுட்டிக்காட்டிய பிறகு ‘மாற்றியமைக்கக் கூடாது’ என்று திருத்தினேன். ஆல்டர் செய்யப்படும் பொருள் அதுவேதான்; அதன் அளவோ அமைப்போ மட்டும் சற்று வேறுபடுகிறது.

சேஞ்ச் எல்லா இடத்துக்கும் பொருந்தும் பொதுச்சொல். ஆயினும் அதன் வேர் பிற்கால இலத்தீனின் ‘காம்பியாரே’, அதாவது ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல். நாம் சில்லறை மாற்றுவதும் இதே பொருளில்தான். ஆகவே சட்டையை சேஞ்ச் செய்தால் உடம்பில் இருப்பது வேறு சட்டை, ஆல்டர் செய்தால் கை நீளம் குறைந்த அதே சட்டை.

கன்வர்ட் என்பதில் சாரம் நிற்கும், வடிவமோ பயனோ மாறும். ஒரு மைலை 1.609 கிலோமீட்டர் என்று எழுதும்போது தூரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

டிரான்ஸ்ஃபார்ம் இவற்றைவிடக் கனமான சொல். உருவத்தையே கடந்து வேறாவது என்று அதன் இலத்தீன் வேர் சொல்கிறது. அதே கருத்துடைய கிரேக்கச் சொல்லான மெட்டமார்ஃபசிஸை உயிரியல் எடுத்துக்கொண்டது: கூட்டுக்குள் புழுவின் திசுக்களில் பெரும்பகுதி சிதைந்து புதிய உடல் உருவாகிறது, தொடர்வது அந்த ஓர் உயிர் மட்டுமே. சுவருக்கு வண்ணம் பூசியதற்கெல்லாம் இன்று விளம்பரங்கள் டிரான்ஸ்ஃபார்ம் என்று எழுதுவது எனக்கு வருத்தமளிக்கிறது, ஏனெனில் உண்மையாகவே உருமாறியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அச்சொல்லுக்கு வலு இல்லாமல் போகிறது.

சொல்லை அளந்து எடுத்தவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டார்வின். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூலின் 1859ஆம் ஆண்டு முதற்பதிப்பில் பரிணாமத்தைக் குறிக்கும் ‘இவால்யூஷன்’ என்ற சொல் இல்லை. ‘இவால்வ்டு’ என்பது மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. தம் கொள்கைக்கு அவர் பயன்படுத்திய தொடர் ‘டிசென்ட் வித் மாடிஃபிகேஷன்’, அதாவது மாறுபாடுகளோடு வழிவழியாக வருதல். வழிவழியாகத் தொடர்வது எது, அதில் சிறுகச் சிறுக வேறுபடுவது எது என்ற இரண்டையும் அந்த மூன்று சொற்களே சொல்லிவிடுகின்றன.