பச்சை பெயின்ட்டை மட்டும் நம்பாதீர்கள்
தம்பி, கடலோர மண்டபம் ஊரின் பழைய இரும்புக்கடையில் எடுத்த ஃபோர்ட்சன் டிராக்டரைச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிகிறது, பட்டாள வண்டிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சையை வைத்து முடிவு கட்ட முடியாது. இங்கிலாந்தில் ஆரஞ்சு நிறத்தில் வந்த ஃபோர்ட்சனை, ஜெர்மன் விமானங்களின் கண்ணில் படக் கூடாதென்று 1940 வாக்கில் பச்சைக்கு மாற்றினார்கள். உழவுக்குப் போனதும் பச்சைதான். பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போனவை சிலவற்றில் பின்னால் வின்ச், அதாவது கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை, இருக்கும். அதன் போல்ட் துளைகளைத் தேடுங்கள்.

சரி, அதைவிட அவசரம் இரும்பை அரிக்கும் கடல் உப்பு. என் வண்டி மட்கார்டு விரல் பட்டதும் அப்பளமாய் நொறுங்கியது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். என்ஜின் இறுகியிருந்தால் பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள்; கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீர்கள். அப்புறம், மிச்சப் பச்சையைச் சுரண்டாதீர்கள், பட்டாள எழுத்து ஏதாவது இருக்கலாம்.