குயின்ஸ்லாந்து பிரதிநிதிகளை அனுப்பவே இல்லை, அப்புறம் எப்படி மாநிலம் ஆனது?

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆஸ்திரேலியக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆறு காலனிகள் பிரதிநிதிகளை அனுப்பி, அரசியலமைப்பை எழுதி, 1901-ல் மாநிலங்கள் ஆயின என்று படித்தேன். ஆனால் குயின்ஸ்லாந்து யாரையும் அனுப்பவில்லை என்கிறார்கள், நியூசிலாந்து அனுப்பியது என்கிறார்கள். அப்படியானால் இதெல்லாம் எப்படி நடந்தது? 1901 ஜனவரி 1-ஐ சுதந்திர நாள் என்று சொல்லலாமா?"

தேர்வுக்கு மட்டும் என்றால், அன்றுதான் காலனிகள் கூட்டாட்சியாக இணைந்தன என்பது தெரிந்தால் போதும். உங்கள் குழப்பம் தீர ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பிரதிநிதி அனுப்புவது வேறு, சேருவது வேறு. பிரதிநிதிகள் வரைவு எழுதினார்கள், அவ்வளவுதான். சேருவதா வேண்டாமா என்று சொன்னது ஒவ்வொரு காலனியின் வாக்காளர்கள்.

நீங்கள் படித்ததில் இரண்டு தனித்தனி மாநாடுகள் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். முதலாவது 1891-ல் சிட்னியில் நடந்தது. அதற்கு வந்தவர்களை அந்தந்தக் காலனியின் நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்து அனுப்பியது, நியூசிலாந்திலிருந்தும் 3 பேர் வந்தார்கள், குயின்ஸ்லாந்தும் வந்தது. வந்தது மட்டுமல்ல, குயின்ஸ்லாந்தின் சாமுவேல் கிரிஃபித் தலைமையில்தான் லூசிண்டா என்ற நீராவிக் கப்பலில் ஈஸ்டர் விடுமுறையில் உட்கார்ந்து வரைவைச் செதுக்கினார்கள். இன்றைய அரசியலமைப்பின் எலும்புக்கூடு அங்கே உருவானதுதான். நியூசிலாந்துக்கு ஆரம்பத்திலிருந்தே தயக்கம், நடுவில் 1,200 மைல் கடல் கிடக்கிறது என்று அவர்களுடைய பிரதிநிதி ஜான் ஹால் 1890-லேயே சொல்லிவிட்டார். பிறகு அவர்கள் விலகிக்கொண்டாலும், அரசியலமைப்புச் சட்டத்தில் 'மாநிலங்கள்' என்றால் எவை என்று சொல்லும் இடத்தில் நியூசிலாந்தின் பெயர் இன்றும் இருக்கிறது.

அந்த வரைவு காலனி நாடாளுமன்றங்களில் கிடப்பில் போடப்பட்டது. 1893-ல் வங்கிகள் வரிசையாகக் கதவை மூடிய நெருக்கடி வேறு. அதே வருடம் முர்ரே ஆற்றங்கரையில் உள்ள கொரோவா ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. ஆறுதான் நியூ சவுத் வேல்ஸுக்கும் விக்டோரியாவுக்கும் எல்லை, அக்கரைக்குச் சரக்கு கொண்டுபோனால் சுங்க வரி கட்ட வேண்டும், அதனால் இணைப்பு வேண்டும் என்ற ஆத்திரம் அந்த ஊர்க்காரர்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம். பெண்டிகோவிலிருந்து வந்த வழக்கறிஞர் ஜான் குவிக் அங்கே ஒரு வழி சொன்னார்: பிரதிநிதிகளை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், அவர்கள் எழுதும் வரைவை மறுபடி மக்கள் வாக்குக்கே விடட்டும். இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகப் பெரிதாகத் தெரியும் திருப்பம் இதுதான், ஏனென்றால் இதற்குப் பிறகு எந்த நாடாளுமன்றமும் விஷயத்தைச் சத்தமில்லாமல் அமுக்கிவிடுவது எளிதாக இல்லை.

அப்படி வந்ததுதான் 1897–98 மாநாடு. அடிலெய்டு, சிட்னி, மெல்பர்ன் என மூன்று அமர்வுகள், காலனிக்கு 10 பேர். நான்கு காலனிகளில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது. குயின்ஸ்லாந்தில் பிரதிநிதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே இரு அவைகளுக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால் யாருமே போகவில்லை.

1898-ல் நான்கு காலனிகளில் பொதுவாக்கெடுப்பு. நியூ சவுத் வேல்ஸில் 'ஆம்' 71,595, 'இல்லை' 66,228. பெரும்பான்மை கிடைத்தும் தோல்வி, ஏனென்றால் குறைந்தது 80,000 'ஆம்' வேண்டும் என்று அந்தக் காலனியின் சட்டம் வைத்திருந்தது. 1899 தொடக்கத்தில் ஆறு பிரதமர்களும் (அப்போது ஒவ்வொரு காலனிக்கும் ஒரு பிரதமர்) கூடிச் சில மாற்றங்களைச் செய்தார்கள். தலைநகர் நியூ சவுத் வேல்ஸில் இருக்கும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தூரத்தில் என்ற ஏற்பாடு அப்போது வந்தது, கான்பெராவின் தொடக்கம் அங்கேதான். குயின்ஸ்லாந்து உள்ளே வந்ததும் இந்தக் கூட்டத்தில்தான். 1899 செப்டம்பரில் அங்கே வாக்கெடுப்பு நடந்து 38,488-க்கு 30,996 என்று தேறியது. 1897–98 மாநாட்டில் ஒரு நாற்காலிகூட நிரப்பாத காலனி மாநிலம் ஆனது இப்படித்தான்.

மேற்கு ஆஸ்திரேலியா கடைசி. தங்கவயல் பகுதி மக்கள், எங்களைத் தனிக் காலனியாகப் பிரித்துக் கூட்டாட்சியில் சேருங்கள் என்று மனு கொடுக்கும் அளவுக்குப் போன பிறகுதான் அங்கே 1900 ஜூலை 31-ல் வாக்கெடுப்பு நடந்தது. அதற்குள் லண்டனில் சட்டத்துக்கு அரச ஒப்புதல் ஜூலை 9-லேயே கிடைத்துவிட்டது, ஆகவே சட்டத்தின் முகவுரையில் சேர ஒப்புக்கொண்டவர்களாக ஐந்து காலனிகளின் பெயர்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

சரி, காலனி மாநிலம் ஆனதால் என்ன மாறியது? பெயர் மாறியது, சுங்க வரி, பாதுகாப்பு போன்ற சில அதிகாரங்கள் மேலே போயின. மற்றபடி அவற்றின் நாடாளுமன்றம், அரசியலமைப்பு, சட்டங்கள் எல்லாம் தொடரும் என்று 106 முதல் 108 வரையுள்ள பிரிவுகள் சொல்கின்றன. உங்கள் பிள்ளையின் பள்ளி, உங்கள் ஓட்டுநர் உரிமம் எல்லாம் இன்னும் மாநிலத்தின் கையில் இருப்பதற்கு வேர் இதுதான். சிறிய காலனிகள் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது செனட்டில் சம இடம்: முதல் நாடாளுமன்றத்தில் பிரதிநிதிகள் சபையில் நியூ சவுத் வேல்ஸுக்கு 26, டாஸ்மேனியாவுக்கு 5, ஆனால் செனட்டில் இரண்டுக்கும் ஆறு ஆறு.

'மக்கள்' என்று இவ்வளவு சொல்லிவிட்டு இதை விட முடியாது. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் தவிர வேறெங்கும் பெண்களுக்கு இந்த வாக்கெடுப்புகளில் ஓட்டு இல்லை. பூர்வகுடி மக்களில் ஒருவர்கூட எந்த மாநாட்டிலும் உட்காரவில்லை, மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்றே 127-வது பிரிவு சொன்னது, அது நீங்க 1967 ஆனது.

சுதந்திர நாளா என்றால், இல்லை. 1901-க்குப் பிறகும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆஸ்திரேலியாவுக்குச் சட்டம் இயற்ற முடிந்தது. 1942-ல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஏற்றபோது அந்தப் பிடி தளர்ந்தது, 1986-ன் ஆஸ்திரேலியா சட்டத்தோடு முழுதாக விட்டது. தேர்வில் 1901 ஜனவரி 1 பற்றிக் கேட்டால் 'காலனிகள் கூட்டாட்சியாக இணைந்த நாள்' என்ற விடையைத் தேர்ந்தெடுங்கள், 'சுதந்திரம்' என்று இருப்பதைத் தொடாதீர்கள்.