ஒரு ராணுவ அதிகாரியின் போர்க்காலக் காகிதங்களில் அப்படி என்னதான் இருக்கும்?

வெளிநாட்டு நூலகங்கள் யாரோ ஒரு ராணுவ அதிகாரியின் நோட்டுகளையும் கடிதங்களையும் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகின்றனவே, நம்மைப் போன்ற சாதாரண வாசகருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த ஒருவரை வைத்தே சொல்கிறேன்.

அவர் பெயர் சீக்ஃபிரைட் சசூன். முதல் உலகப் போரில் பிரிட்டனின் ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரி, கவிஞரும்கூட. அவருடைய காகிதங்களை 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் 12.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் ஒன்பது, பத்து கோடி ரூபாய் வரும். போர் தொடங்கிய நூற்றாண்டையொட்டி 2014-இல் நோட்டுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் பக்கங்கள்.

பெரும்பாலும் சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டுகள். சில பக்கங்களில் பதுங்குகுழிச் சேறு அப்படியே இருக்கிறது, சிலவற்றில் மெழுகுவர்த்தி சொட்டிய கறை. தன் கீழிருந்த சிப்பாய்களின் பெயர்ப் பட்டியல், பதுங்குகுழியின் வரைபடம், தாக்குதலுக்கு முன் மேலிடம் சொன்னவற்றின் குறிப்பு, நடுவில் பென்சிலில் ஒரு படம், அடித்துத் திருத்திய கவிதை. சொந்தக் காகிதம் எது, ராணுவக் காகிதம் எது என்று அட்டவணை போடுகிறவர் திண்டாடித்தான் போவார்.

1916 ஜூலை 1. பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,240 பேர் செத்த நாள். சசூன் அன்று தாக்குதலில் இறங்கவில்லை. பின்னால் நிறுத்தப்பட்டிருந்ததால் எதிர்ச் சரிவில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே, மணி போட்டு மணி போட்டு எழுதுகிறார். ஒன்பதரைக்கு உள்ளே வந்து முகச்சவரம் செய்துகொண்டேன் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே எதிரே திறந்த வெளியில் ஒரு படை முன்னேறிக்கொண்டிருக்கிறது. சற்று நேரத்தில், வெயில் அடிக்கும் நரகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். கூடவே காற்றில் ஆடும் மஞ்சள் செடிகளையும் விடவில்லை. பின்னாளில் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறவர் அந்தச் சவரத்தை முதல் வேலையாக வெட்டியிருப்பார்.

இதற்குப் பக்கத்தில் ராணுவம் எழுதியதை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டாலியனும் அன்றாடம் 'வார் டைரி' எழுதியாக வேண்டும். அச்சடித்த படிவம்: இடம், தேதி, மணி, நிகழ்ச்சிச் சுருக்கம். ஒன்றும் நடக்காவிட்டால் அமைதியான நாள் என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். அதே 1916-இல் சசூனுக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் கொடுத்தபோது அரசிதழில் வந்த குறிப்பும் அந்த ரகம்தான்: குண்டு வீச்சுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் இருந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார். பொய் இல்லை, ஆனால் அதற்குள் ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும் என்பதற்கு 1917 நல்ல சாட்சி. காயம்பட்டு ஊர் திரும்பிய சசூன், தற்காப்புப் போர் என்று நம்பி வந்தேன், இப்போது இது நாடு பிடிக்கும் போராகிவிட்டது, இனிப் பங்கெடுக்க மாட்டேன் என்று ஓர் அறிக்கை எழுதுகிறார். அது ஜூலை 30 அன்று நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படுகிறது. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க வேண்டிய குற்றம். நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் ஓடியாடி மருத்துவக் குழு முன் நிறுத்தவைத்தார். நரம்புத் தளர்ச்சி என்று முடிவு கட்டி எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அலுவலகக் காகிதத்தை மட்டும் பார்த்தால் ஒரு நோயாளி. நோட்டுகளைப் பார்த்தால் நன்றாக யோசித்து, எழுதித் திருத்தி, விளைவு தெரிந்தே முடிவெடுத்த ஆள்.

(அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ரிவர்ஸ் நமக்கு அந்நியர் இல்லை. 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு செய்து, 1906-இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதியவர் இவரேதான்.)

இதே 1917 எதிர்ப்பில் தன் மிலிட்டரி கிராஸ் பதக்கத்தையே ஆற்றில் வீசிவிட்டார் என்று பலரும் எழுதுவார்கள். இங்கிலாந்தின் மெர்சி ஆற்றில் அவர் வீசியது சட்டையில் குத்தும் ரிப்பனை மட்டும்.

சரி, எல்லா அதிகாரிக்கும் இப்படிக் கிடைக்குமா? கிடைக்காது. முதல் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் அதிகாரிகளின் முதன்மைக் கோப்புகள் 1940-இல் லண்டன் மீது விழுந்த குண்டில் எரிந்துபோயின. லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்று இருப்பவை பெரும்பாலும் துணைக் கடிதப் போக்குவரத்துக் கோப்புகள்: விடுப்பு, காயம், சம்பள பாக்கி, இறந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பிய பொருள்களின் பட்டியல். அதனால்தான் வீட்டுப் பரணில் தப்பிய நோட்டுகளுக்கு இவ்வளவு மதிப்பு. போர்முனையில் டைரி எழுதக் கூடாது என்பது விதி; அதை மீறியவர்களால்தான் நமக்கு இதெல்லாம் மிஞ்சியிருக்கிறது.

கேம்பிரிட்ஜ் டிஜிட்டல் நூலகத் தளத்தில் அவர் பெயரைப் போட்டால் நோட்டுகள் வரிசையாக வரும். 1916 ஜூலையை உள்ளடக்கிய நோட்டிலிருந்து தொடங்குங்கள். கையெழுத்து பொடியாக இருக்கும், பெரிதாக்கிப் படிக்கலாம். கவிதை நோட்டுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.