இரண்டு டூல்கிட், ஒரு ப்ரோகிராம்: யார் காத்திருப்பது?

கொக்குவிலில் இருந்து ஒரு மாணவி: ஒரே பைதான் ப்ரோகிராமில் டிகின்டரில் ஒரு படிவம், பைசைட்டில் ஒரு வரைபடம் (இரண்டும் விண்டோ வரைய உதவும் டூல்கிட்கள்). ரூட்.மெயின்லூப்() எழுதி, அடுத்த வரியில் ஆப்.எக்ஸெக்() போட்டேன். முதல் விண்டோவை மூடினால்தான் மற்றது அசைகிறது.

தங்கச்சி, மெயின்லூப் உங்கள் விண்டோ மூடும்வரை திரும்பி வராது. அடுத்த வரிக்கு பைதான் இன்னும் வந்தே சேரவில்லை. ஒரு த்ரெட்டில் (ப்ரோகிராமுக்குள் ஓடும் ஒரு வேலை ஓட்டம்) ஈவென்ட் (கிளிக், விசை அழுத்தல் போன்றவை) வரும் என்று காத்துக் கிடப்பது ஒரு லூப்பாகத்தான் இருக்க வேணும். அந்த வேலையைக் கியூட்டிடம் (பைசைட்டின் அடியில் இருக்கும் டூல்கிட்) கொடுங்கோ. மெயின்லூப்பை எடுத்துவிட்டு, 20 மில்லிசெக்கனுக்கு ஒருக்கால் அடிக்கும் கியூடைமரில் (கியூட்டின் டைமர்) ரூட்.அப்டேட்() கூப்பிடுங்கோ; அது தேங்கிய டிகின்டர் வேலைகளை முடித்துவிட்டுத் திரும்பும். செக்கனுக்கு 50 தரம், படிவத்துக்கு அது தாராளம். டைமரை 0 ஆக்க வேண்டாம். சும்மா இருக்கும் நேரமும் சுழன்று சிபியூவின் ஒரு கோரை முழுதாகத் தின்னும். கரண்ட் போன பொழுதில் லேப்டொப் பட்டரி இறங்குவதிலேயே தெரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டிகே (டிகின்டரின் அடியில் இருக்கும் டூல்கிட்) பக்கம் ஒரு மெசேஜ்பாக்ஸ் திறந்தால், அது தனக்குள் இன்னொரு லூப்பைத் தொடங்கிவிடும். 'ஓகே' அழுத்தும்வரை அப்டேட்() திரும்பாது. லினக்ஸில் கியூட் விண்டோ அப்படியே விறைத்து நிற்கும். ஒரு கடைக்குப் பில் போடும் ப்ரோகிராமில் இதைப் பிடிக்க எனக்கு இரண்டு இரவு போனது. டயலொக் எல்லாவற்றையும் கியூட் பக்கம் வையுங்கோ. கியூட் டயலொக்கும் உள்ளே ஒரு லூப் ஓட்டும்தான், ஆனால் அதற்குள் டைமர் அடித்துக்கொண்டே இருக்கும், டிகேயும் உயிரோடு இருக்கும்.

படிவம் சின்னதென்றால் அதையும் கியூட்டிலேயே திருப்பி எழுதுவதுதான் என் விருப்பம்.

சாவகச்சேரி: லினக்ஸில் ஜிடிகேயும் (இன்னொரு விண்டோ டூல்கிட்) கியூட்டும் சேருமா?

இந்தச் சோடி நல்ல சோடி. ஜிடிகே ஓடுவது ஜீலிப் என்ற நூலகத்தின் லூப்பில். ஜீலிப் ஆதரவோடு கட்டப்பட்ட கியூட்டும் லினக்ஸில் அதே லூப்பைத்தான் எடுக்கும். ஆப்.எக்ஸெக்() ஒன்றே இரண்டுக்கும் போதும். கியூடி_நோ_ஜீலிப் என்ற சூழல் மாறியை (வைத்தால் கியூட் ஜீலிப் லூப்பை எடுக்காது) யாரும் வைத்துவிட்டார்களா என்று மட்டும் பாருங்கோ.

பருத்தித்துறை: ஒவ்வொன்றையும் ஒவ்வொரு த்ரெட்டில் விட்டால்?

வேண்டாம். கியூட்டின் விட்ஜெட்கள் (பொத்தான், பெட்டி போன்ற திரை உறுப்புகள்) மெயின் த்ரெட்டுக்கு உரியவை. மேக்கில் திரை வேலை முழுவதுமே அப்படித்தான். பிரிக்கத்தான் வேணுமென்றால் இரண்டு ப்ரோசஸ் (தனித்தனியே ஓடும் ப்ரோகிராம்) ஆக்கி, நடுவில் ஒரு சொக்கெட் (தகவல் போய்வரும் இணைப்பு) வையுங்கோ. ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

நெல்லியடி: எக்ஸ்லிப் (எக்ஸ் என்ற திரைச் சேர்வருடன் பேசும் நூலகம்) மேல் சொந்தமாக லூப் எழுதுகிறேன். அந்தச் சேர்வருக்குப் போகும் சொக்கெட்டை போல்() (ஏதும் வரும்வரை தூங்கும் அழைப்பு) பார்த்துக்கொண்டிருக்கிறது. சில கிளிக்குகள் மவுசை அசைத்த பிறகுதான் வருகின்றன.

அண்ணை, அந்தக் கிளிக் எப்பவோ வந்துவிட்டது. எக்ஸ்லிப் ஒரு பதிலுக்காகச் சொக்கெட்டை வாசிக்கும்போது, கூட வந்த ஈவென்ட்களையும் அள்ளித் தன் வரிசையில் போட்டுவிடும். பிறகு சொக்கெட் வெறுமை, போல்() தூங்கும். மவுஸ் அசைந்து புதிதாக ஏதாவது வந்தால்தான் முழிக்கும். ஒவ்வொரு முறையும் போல்()-க்கு முன் எக்ஸ்பெண்டிங்() (எத்தனை ஈவென்ட் காத்திருக்கின்றன என்று சொல்வது) கூப்பிட்டு, அது 0 சொன்னால் மட்டும் தூங்க விடுங்கோ. அனுப்பாமல் தேங்கிக் கிடக்கும் வரைதல் கட்டளைகளையும் தூங்கப் போகுமுன் அதுவே தள்ளிவிடும்.