சோலார் குக்கர்: வீட்டுக்கா, சுண்டலுக்கா?

கேள்வி: விருதுநகரில் இருக்கிறோம். வீட்டுச் சமையல் கேஸில்தான். ஒரு சிலிண்டர் 45 நாள் வரும். வீட்டுக்குக் கொண்டு வருபவருக்குக் கொடுப்பதையும் சேர்த்து 900 ரூபாய். மாலையில் பள்ளிக்கூட வாசலில் சுண்டல் விற்கிறேன். தினம் ஒரு கிலோ கொண்டைக்கடலை, வேக வைக்க 30 ரூபாய்க்கு விறகு. பெட்டி சோலார் குக்கர் (கண்ணாடி மூடி போட்ட, வெயிலில் வேக வைக்கும் பெட்டி) 6,500 ரூபாயாம். தவணை என்றால் மாதம் 650 வீதம் 12 மாதம். வாங்கினால் கேஸ் செலவு குறையுமா?

பதில்: குறையும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. வருஷத்துக்கு 8 சிலிண்டர், 7,200 ரூபாய். பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது காலை எட்டு மணிக்கு முன்னால். அந்த நேரத்து வெயிலில் சோறு வேகாது. தோசை, தாளிப்பு எதற்கும் அந்தப் பெட்டியின் சூடு பற்றாது. மதியச் சோறும் பருப்பும் அதில் வைத்தாலும் கால்வாசி கேஸ்தான் மிஞ்சும், அதாவது 1,800 ரூபாய். போட்ட பணம் திரும்ப மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். கேஸுக்காக என்றால் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது: விறகு. மூன்று கல் அடுப்பில் எரிகிற விறகின் சூட்டில் பெரும்பகுதி பாத்திரத்துக்கே போவதில்லை, சுற்றிலும் வீணாகிறது. (புகை உங்கள் கண்ணுக்கு.) சுண்டலோ மெதுவாக வெந்தால் போதும், மாலைக்குத் தயாரானால் போதும். சோலார் குக்கருக்கென்றே அமைந்த வேலை! இரவு ஊறிய கடலையைக் கறுப்புப் பூசிய பாத்திரங்களில் பிரித்து, காலை பத்து மணிக்குள் வைத்துவிடுங்கள். நல்ல வெயிலில் மூன்று, நான்கு மணி நேரத்தில் வெந்துவிடும். தாளிப்பு மட்டும் கேஸில்.

மாதம் 24 நாள் வியாபாரம் என்றால் விறகில் 720 ரூபாய் மிச்சம். தையிலிருந்து புரட்டாசி வரை ஒன்பது மாதத்துக்கு 6,480. ஏறக்குறைய குக்கரின் விலை! நடுவில் மப்பு போடுகிற நாளுக்காகவும் பள்ளி விடுமுறைக்காகவும் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

தவணையில் 1,300 ரூபாய் கூடுதல். பொதுவாக வேண்டாம் என்பேன். இங்கே ரொக்கம் இல்லையென்றால் பரவாயில்லை, வெயிலும் வியாபாரமும் இருக்கிற மாதங்களில் விறகுக் காசே தவணையைக் கட்டிவிடும். ஆனால் ஐப்பசியில் தொடங்காதீர்கள். தொடங்கியதுமே அடைமழையில் விறகும் வாங்கி, தவணையும் கட்ட வேண்டியிருக்கும். தை பிறக்கட்டும்; கடைசி மூன்று தவணை மட்டும் மழை மாதங்களில் வரும், அதற்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் விற்பவரிடம் உங்கள் கடலையையே கொடுத்து, ஒரு கிலோவும் வேகிறதா என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் மாற்ற என்ன செலவு என்பதையும் அப்போதே கேளுங்கள்.