மிச்சமிருக்கும் நைட்ராக்ஸை ஏன் திறந்து விடுகிறார்கள்?

கேள்வி: டைவ் முடித்து, நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள சுவாசக் கலவை) சிலிண்டரில் 90 பார் அழுத்தம் மிச்சம் வைத்துத்தான் நீரிலிருந்து ஏறினேன். மறுபடியும் அதே 32 வேண்டும் என்று கொடுத்தால், நிரப்புபவர் வால்வைத் திறந்து 20 பார் வரும்வரை வெளியே விட்டுவிட்டு அப்புறம்தான் நிரப்பினார். அப்படியே மேலே ஏற்றியிருக்கலாம், இல்லை மொத்தமாகக் காலி செய்திருக்கலாம். அது என்ன 20 கணக்கு?

பதில்: வயிறு எரிந்திருக்கும், புரிகிறது. 12 லிட்டர் சிலிண்டர் என்றால் அவர் திறந்துவிட்டது ஏறக்குறைய 840 லிட்டர் வாயு. ஆனால் அவர் பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கலாம்.

பல இடங்களில் முதலில் சுத்தமான ஆக்சிஜனைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, மீதியைக் கம்ப்ரஸர் காற்றால் நிரப்புவார்கள். காலி சிலிண்டரில் 200 பாருக்கு 32 வேண்டுமென்றால் ஆக்சிஜன் சுமார் 28 பார், மிச்சமெல்லாம் காற்று. இந்த ஆக்சிஜன் பெரிய சிலிண்டரிலிருந்து உங்கள் சிலிண்டருக்கு அழுத்த வித்தியாசத்தால் மட்டுமே நகரும். உங்களுடையதில் 90 பார் இருக்கும்போது இன்னும் 15 பார் ஆக்சிஜன் தேவை, அதாவது பெரிய சிலிண்டரில் 105 பாருக்கு மேல் இருக்க வேண்டும். அது அன்று 80-க்கு இறங்கியிருந்தால் ஒரு துளிகூட இந்தப் பக்கம் வராது. 20-க்கு இறக்கிவிட்டால் தேவை 25 பார், மொத்தம் 45 தான், அதே 80 பார் சிலிண்டரை வைத்தே நிரப்பிவிடலாம். ஆக்சிஜனை அழுத்தி ஏற்றும் பூஸ்டர் பம்ப் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் உங்கள் 90-ஐத் தொட வேண்டியதே இல்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உள்ளே இருப்பது 32 என்று நீங்கள் சொன்னீர்கள், அவர் அளந்து பார்த்தாரா? ஒருவேளை அது வெறும் காற்றாக இருந்தால், 90 பார் மிச்சத்தை 32 என்று நம்பிக் கணக்குப் போட்டவருக்குக் கிடைப்பது 27. அதே தவறு 20 பார் மிச்சத்தில் நடந்தால் 30.9 வரும், பெரிய சேதமில்லை. மிச்சம் குறையக் குறைய நம் அறியாமையின் விலையும் குறைகிறது. பத்துப் பதினைந்து சிலிண்டர் வரிசையில் நிற்கும்போது எல்லாவற்றையும் 20-க்கு இறக்கி ஒரே அளவு ஆக்சிஜன் போடுவது சோம்பேறித்தனம்தான், ஆனால் கொஞ்சம் பாதுகாப்பான சோம்பேறித்தனம்.

இதற்கு நேர்மாறான தவறுதான் பயப்பட வேண்டியது. 50 பார் நைட்ராக்ஸ் 32 உள்ளே இருக்க, காலி சிலிண்டருக்கான 28 பார் ஆக்சிஜனை அப்படியே போட்டுக் காற்றால் நிரப்பினால் வருவது 34.8. 32 என்று நம்பி 33 மீட்டருக்குப் போகிறவர் அங்கே சுவாசிக்கும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.5 பார், ஆக்சிஜன் நஞ்சாகாமலிருக்க அவர் மனதில் வைத்திருந்த 1.4 எல்லையைத் தாண்டிவிட்டார். ஆகவே யார் நிரப்பினாலும், எப்படி நிரப்பினாலும், ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் அனலைசரை நீங்களே கையில் வாங்கி அளந்துவிடுங்கள்.

மொத்தமாக ஏன் காலி செய்யக்கூடாது என்றால், ஈரம். அழுத்தமே இல்லாத சிலிண்டரின் வால்வு திறந்து கிடந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போகும், கடலில் என்றால் உப்பு நீரே போகும். இரும்புச் சிலிண்டரில் துரு பிடிக்க அது போதும், அந்தத் துரு உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத்தான் தின்று வளரும். சும்மா எடுத்து வைக்கும் சிலிண்டரிலும் கொஞ்சம் அழுத்தம் இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் நைட்ராக்ஸ் 40 ஒரு சிலிண்டரில் 100 பார் இருக்கிறது. அடுத்த டைவுக்கு 28 வேண்டும். காற்றை மட்டும் ஏற்றினால் போதுமா?

பதில்: போதாது. 200 பார் வரை காற்று ஏற்றினாலும் 30.5-இல் நின்றுவிடும். இங்கே இறக்கியே ஆக வேண்டும், ஆனால் 20 வரை போக வேண்டாம். காற்றை 21 என்று வைத்துக்கொண்டால் உங்கள் 28 அதைவிட 7 அதிகம், கையில் இருக்கும் 40 அதைவிட 19 அதிகம். 200-ஐ 7-ஆல் பெருக்கி 19-ஆல் வகுத்தால் 73.7. 73 பாரில் நிறுத்திவிட்டுக் காற்றை ஏற்றுங்கள், கிட்டத்தட்ட 28 வந்துவிடும். தனி ஆக்சிஜன் தேவையே இல்லை. மிச்சம் முதலிலேயே 73-க்குக் கீழே இருந்தால் திறந்துவிட ஒன்றுமில்லை, கொஞ்சம் ஆக்சிஜன்தான் சேர்க்க வேண்டும். அந்த வேலையை ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்த சிலிண்டரிலும் வால்விலும் மட்டும், பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் தீதான்.

கேள்வி: திறந்துவிடும்போது வால்வில் பனி படர்கிறது. ஏதாவது கெட்டுவிடுமா?

பதில்: நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். வாயு விரிந்து வெளியேறும்போது குளிர்ந்துவிடும், சிலிண்டரும் சேர்ந்து குளிரும், குளிர்ந்த சிலிண்டரில் கேஜ் (அழுத்தமானி) குறைத்துக் காட்டும். நானும் ஒருமுறை சரியாக 50 என்று நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தால் 54. போட்ட கணக்கு மொத்தமும் போச்சு. ஆக்சிஜன் அளவில் 1 பார் பிசகினாலே 200 பார் கலவை 0.4 சதவீதம் நகரும் என்பதால், வால்வைக் கொஞ்சமாகத் திறந்து மெதுவாக விடுங்கள், சிலிண்டர் பழைய சூட்டுக்கு வந்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள். சிலிண்டரைக் கட்டி நிறுத்திவிட்டு, திறந்தவெளியில், வால்வின் வாய் யார் பக்கமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காதை மூடிக்கொள்ளுங்கள், சத்தம் சாதாரணமாக இருக்காது. நைட்ராக்ஸ் என்றால் பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.