எஸ்பிஎஸ்எஸ் வாங்கவா, ஆர் கற்கவா?

கேள்வி: சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 412 பேரிடம் வாங்கிய வினாப்படிவங்களை எக்செல்லில் ஏற்றிவிட்டேன். நெறியாளர், “எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுக் கொண்டு வா” என்கிறார். அதன் விலை கட்டுப்படியாகவில்லை. கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் 300 ரூபாய்க்கு ஏற்றித் தருகிறார்கள். அறைத்தோழியோ, “ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி இலவசம், அதைக் கற்றுக்கொள்” என்கிறாள். நிரல் எழுதிப் பழக்கமில்லை. 6 மாதத்தில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். எதை வாங்குவது?

பதில்: ஜெராக்ஸ் கடையை முதலில் கழித்துவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பூட்டை உடைத்த மென்பொருளோடு வைரஸும் குடியேறி உங்கள் கோப்புகளைத் தின்றால், நஷ்டம் 300 ரூபாயோடு நிற்காது.

எஸ்பிஎஸ்எஸ் சமூக அறிவியல் ஆய்வுகளுக்கென்றே 1968இல் பிறந்தது. 2009இல் ஐபிஎம் வாங்கியது. நெறியாளர்களுக்குக் கைப்பழக்கமானது. ஆனால் மாணவர் பதிப்புகள் காலக்கெடுவோடு வருபவை. வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு திருத்தம் கேட்கும்போது உரிமம் முடிந்திருக்கலாம். துறை ஆய்வகத்திலோ நூலகத்திலோ ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் பேச்சே இல்லை, அங்கேயே உட்கார்ந்து முடித்துவிடலாம்.

ஆர், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய மொழி. இலவசம் என்பது அதன் சிறிய பெருமைதான். எல்லா அட்டவணையும் தயாரான பிறகு நெறியாளர், “60 வயதைத் தாண்டியவர்களை நீக்கிவிட்டுப் பார்” என்பார். சொல்லாத நெறியாளரை நான் பார்த்ததில்லை. ஆரில் ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும். மெனுவைச் சொடுக்கியே வேலை செய்தவர் எல்லாவற்றையும் திரும்பச் சொடுக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் ‘பேஸ்ட்’ என்ற பொத்தான், நீங்கள் தேர்ந்தெடுத்ததைக் கட்டளை வரிகளாக எழுதிக் கொடுக்கும். ஏனோ அதைத் தொடுபவர்கள் குறைவு.

ஆனாலும் 6 மாதக் கெடுவில் நிரல்மொழியை அடியிலிருந்து கற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜமோவி என்ற மென்பொருளை நிறுவுங்கள். இலவசம், மெனுவில் இயங்குவது, உள்ளே ஓடுவது ஆர். எஸ்பிஎஸ்எஸ் கோப்புகளையும் திறக்கும். தரவில் ஒரு பதிலைத் திருத்தினால் அட்டவணை தானே மாறிக்கொள்ளும். அமைப்பில் சொடுக்கினால் ஒவ்வொரு அட்டவணைக்கும் உரிய ஆர் வரிகளைக் காட்டும். ஆய்வேடு முடிந்ததும் அங்கிருந்தே ஆரைக் கற்கத் தொடங்கலாம். கை-வர்க்கச் சோதனை, டி-சோதனை, க்ரோன்பாக் ஆல்ஃபா போன்ற வழக்கமான புள்ளியியல் கணக்குகள் எல்லாம் ஜமோவியில் உண்டு.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1 முதல் 10 வரையான எண்களுக்கு முதல் கால்மானம் (வரிசையில் கால் பங்கு தூரத்தில் வரும் மதிப்பு) கேட்டால், வழக்கமான அமைப்பில் ஆர் 3.25 என்று சொல்லும், எஸ்பிஎஸ்எஸ் 2.75 என்று சொல்லும். இரண்டும் சரியே, கணக்கிடும் முறைதான் வேறு. நெறியாளர் புருவம் உயர்த்துமுன், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஆய்வுமுறை இயலில் எழுதிவிடுங்கள்.